லிங்கன் "அருமை!" என்றாரா? – "கூல்" என்ற சொல்லோடு ஒரு மல்லுக்கட்டு

சப்டைட்டில்_சரோ | திங்கள், இரவு 11.48

வணக்கம். சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள் நான். அமெரிக்க வரலாறு பற்றிய நாலு பாக ஆவணப்படம் ஒன்று இப்போது கையில் இருக்கிறது. (பெயர் கேட்காதீர்கள், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.) முதல் பாகத்திலேயே மானம் போயிற்று.

ஆபிரகாம் லிங்கன் 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசிய பேச்சு அதில் வருகிறது. அப்போது அவர் இன்னும் அதிபர் ஆகவில்லை. தென் மாநிலத்துக்காரர்களின் வாதத்தை எடுத்து வைக்கிறார்: "குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் அதிபராக வந்தால் நாங்கள் ஒன்றியத்தை உடைப்போம், உடைத்த பழி மட்டும் உங்களைச் சேரும் என்கிறீர்கள்." உடனே மூன்றே சொல்லில் ஒரு பதில்: "தட் இஸ் கூல்."

இரவு ஒன்றரை மணி. கண் சொக்குகிறது. "அருமை!" என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சரிபார்ப்பவரிடமிருந்து சிவப்பு எழுத்தில் வந்தது: "மேடம், லிங்கன் எதற்கு எதிராளியைப் பாராட்டுகிறார்?"

அடுத்த வரியை ஒழுங்காகப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். வழிப்பறிக்காரன் ஒருவன் என் காதில் துப்பாக்கியை வைத்து, "எடு காசை, இல்லாவிட்டால் கொன்றுவிடுவேன், அப்புறம் கொலைகாரன் என்ற பட்டம் உனக்குத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதைப் போல இருக்கிறது என்கிறார் லிங்கன்.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. இரண்டாம் பாகத்தில் 1940களின் ஜாஸ் கிளப். மூன்றாவதில் 1959இல் வந்த ஒரு கவிதை. நாலாவதில் 1990களில் வீட்டு கேமராவில் எடுத்த ஒரு பள்ளிக்கூடப் பையன். நாலு இடத்திலும் அதே பாழாய்ப்போன "கூல்". ஒவ்வொன்றுக்கும் என்ன போடுவது? வரி நீளக் கூடாது, படிக்க இரண்டு நொடிதான். கைகொடுங்கள்.

பழைய_பேப்பர் | செவ்வாய், காலை 5.55

சரோ அம்மா, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 32 வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் நான். பிள்ளைகள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் அடித்திருக்கிறார்கள். ஒரு பையன் "கூல் ரிசப்ஷன்" என்பதை "மனம் குளிரும் வரவேற்பு" என்று எழுதினான். அமைச்சருக்கு ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை என்ற செய்தி அது.

லிங்கன் வாயில் வருவது திட்டு. எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் "கோல்" என்றால் இதமான குளிர், அவ்வளவுதான். பிறகு மனசுக்குத் தாவியது. சூடேறாத மனம், நிதானம். 1590களில் ஷேக்ஸ்பியர், காதலர்களும் பைத்தியக்காரர்களும் கொதிக்கிற மூளைக்காரர்கள், "கூல் ரீசன்" பிடிக்க முடியாததையெல்லாம் அவர்கள் பிடிப்பார்கள் என்று எழுதுகிறார். அங்கே அது வெறும் நிதானம்.

சரி, நிதானம் நல்லதுதான். ஆனால் அடுத்தவன் குடியைக் கெடுக்கும்போதும் ஒருவன் சூடாகவில்லை, முகம் சுளிக்கவில்லை என்றால் அவனை என்ன சொல்வோம்? நெஞ்சழுத்தக்காரன் என்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் "கூல்" அந்த அர்த்தத்தில்தான் மும்முரமாகப் புழங்கியது. கூச்சநாச்சம் இல்லாமல் அடாவடி செய்வது. இந்த அர்த்தம் செத்துப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. "மூணு வருஷமாக் கடனைத் திருப்பிக் கொடுக்காதவன், கூலா எதிர்ல வந்து டீ சொல்லுங்கண்ணேங்கறான்" என்று சொல்கிறோமே, அந்தக் கூலும் லிங்கன் கூலும் ஒன்றுதான்.

போட வேண்டியது: "நல்லா இருக்கே நியாயம்!"

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து காசுக்கும் இந்த அடைமொழி உண்டு. "எ கூல் தவுசண்ட்". டிக்கன்ஸின் "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" நாவலில் (1861) ஜோ என்ற கொல்லர், ஒருவருக்கு உயில்படி "கூல் நாலாயிரம்" வந்ததைச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். கதை சொல்லும் பிப், அந்த நாலாயிரம் பவுனுக்கு இப்படி ஒரு தட்பவெப்பம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, ஆனால் குளிர்ந்த நாலாயிரம் என்றால் ஜோவுக்குத் தொகை இன்னும் பெரிதாகத் தெரிந்தது போலும் என்பான். இதற்குத் தமிழ் தேடி வருஷக்கணக்கில் அலைந்தேன். கடைசியில் என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சுளையா நாலாயிரம்."

சப்டைட்டில்_சரோ | செவ்வாய், காலை 8.10

ஐயா!! "நல்லா இருக்கே நியாயம்!" கச்சிதம். பாராட்டு மாதிரியே தொடங்கிக் குத்துகிறது. ஆங்கிலம் செய்வதும் அதையேதான்.

மேலூர்_மணி | செவ்வாய், காலை 9.32

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள், யாரும் மூலத்துக்கு வரவில்லை. கூல் என்பது நம் "குளிர்" தானே? குளிர், குளு, கூல். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் குளிர்ச்சிக்குத்தான். வெள்ளைக்காரன் இங்கிருந்து எடுத்துப் போனது.

நடுவர் | செவ்வாய், காலை 9.40

போன மாதம் "கேட்டமரான்" இழையில் நடந்ததை மறக்கவில்லை. நிதானமாகப் பேசவும். கூலாக.

பழைய_பேப்பர் | செவ்வாய், காலை 10.25

மணி தம்பி, கட்டுமரம் போனது உண்மை, அதில் சண்டையே இல்லை. இது வேறு. ஆங்கிலேயன் கப்பலேறி இங்கே வருவதற்கு எழுநூறு எண்ணூறு வருஷம் முன்பே இந்தச் சொல் அவன் ஊரில் இருந்தது. அதுகூடப் பெரிய ஆதாரம் இல்லை. ஒலிதான் பெரிய ஆதாரம்.

"காந்தி" என்னும்போது ஒரு க வருகிறது, "கல்" என்னும்போது ஒரு க வருகிறது அல்லவா? ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் பிரிந்த அந்தக் கிளையில், பழைய காந்தி-க எல்லாம் ஒழுங்காகக் கல்-க ஆகிவிட்டன. கிரிம் விதி என்பார்கள். தேவதைக் கதை தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் யாக்கோப் எழுதி வைத்தது. லத்தீன் அந்த வழியில் போகவில்லை. அங்கே உறைபனிக்கு "கெலு", காந்தி-க போட்டுப் படிக்க வேண்டும். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான் ஜெல்லி. ஆக, "கூல்" என்ற சொல்லுக்குக் கூடப் பிறந்தவை கோல்ட், சில். ஒன்றுவிட்ட உறவு ஜெல்லி. நம் குளிருக்கு உறவுக்காரர்கள் மலையாளத்திலும் கன்னடத்திலும் இருக்கிறார்கள். இரண்டும் இன்று ஒத்துப்போவது, ஒரே பேருந்தில் ஒரே நிறச் சட்டை போட்டு இரண்டு பேர் ஏறியது போல.

மேலூர்_மணி | செவ்வாய், காலை 10.31

ஜெல்லியா. சரி.

நீலக்குழல் | செவ்வாய், மாலை 6.02

சிகாகோவிலிருந்து. இரண்டாம் பாகத்தைப் பற்றி நான் பேசுகிறேன், இருபது வருஷமாக இந்த இசைக்குப் பின்னால் அலைகிறவன்.

1920களில் ஜாஸ்காரர்களிடம் பாராட்டுச் சொல் "ஹாட்". லூயி ஆம்ஸ்ட்ராங் 1925இல் இங்கே சிகாகோவில் பதிவு செய்ய ஆரம்பித்த குழுவின் பெயரே "ஹாட் ஃபைவ்". சூடுதான் உசத்தி. அப்படியிருக்க இருபது வருஷத்துக்குள் எப்படி எதிர்ப்பக்கம் சாய்ந்தது?

பொதுவாக எல்லாரும் கைகாட்டுவது லெஸ்டர் யங்கை. 1909இல் மிசிசிப்பியில் பிறந்த டெனர் சாக்ஸபோன்காரர். மற்றவர்கள் மூச்சு முட்ட ஊதி அரங்கை அதிர வைத்த காலத்தில், இவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்வது போல ஊதினார். குழலை நேராகப் பிடிக்க மாட்டார், துடுப்பு மாதிரி பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பார். தட்டையான தொப்பி. இருட்டு கிளப்பிலும் கறுப்புக் கண்ணாடி. பேச்சு மொத்தமும் சொந்தச் சரக்கு. பாடகி பில்லி ஹாலிடேக்கு "லேடி டே" என்று பெயர் வைத்தது இவர். இவருக்கு "பிரெஸ்" (பிரசிடென்ட் என்பதன் சுருக்கம்) என்று வைத்தது அவர்.

யங் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு இடத்தில் நுழைகிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வெள்ளைக்காரர்களின் பார்வை சரியில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வார்: "ஐ ஃபீல் எ டிராஃப்ட்." கதவிடுக்கில் காற்று அடிக்கிறது என்று அர்த்தம். தமிழில் அதைவிடப் பொருத்தமாக வரும்: "வாடை அடிக்குது."

இங்கேதான் "கூல்" திரும்புகிறது. கறுப்பினத்து ஆள் கோபத்தை முகத்தில் காட்டினால் வேலை போகும், சில ஊர்களில் உயிரே போகும். ஆகவே காட்டாதே. காட்டாமல் இரு, ஆனால் பல்லை இளிக்கவும் செய்யாதே. வெள்ளைக்காரனைச் சிரிக்க வைப்பதற்காக மேடையில் கோமாளி முகம் காட்டிக்கொண்டிருந்த வழக்கத்தை அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் கூல். இது ஷேக்ஸ்பியரின் நிதானம் இல்லை ஐயா. இது கவசம்.

கவசத்துக்கும் ஓட்டை உண்டு. 1944இல் யங்கை ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கஞ்சா வைத்திருந்தார் என்று 1945இல் ராணுவ நீதிமன்றம் ஒரு வருஷம் தண்டனை கொடுத்தது, ஜார்ஜியா மாநிலத்தில் உள்ளே போட்டார்கள். வெளியே வந்ததும் பதிவு செய்த ஒரு பாட்டுக்கு "டி.பி. புளூஸ்" என்று பெயர் வைத்தார். டி.பி. என்றால் டிடென்ஷன் பாரக்ஸ், ராணுவச் சிறைக்கொட்டடி. அந்தப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், புகார் ஒரு துளி இருக்காது. துள்ளிக்கொண்டு போகும்.

ஒன்பதாம்_பி | செவ்வாய், மாலை 6.40

அண்ணா, அப்போ கண்டுபிடிச்சது லெஸ்டர் யங்தானா? கூலிங் கிளாஸ்னு பேர் வந்ததும் அவராலதானா?

நீலக்குழல் | செவ்வாய், மாலை 7.15

கூலிங் கிளாஸ் நம் ஊர்த் தயாரிப்பு தம்பி, வெயிலுக்குக் கண் குளிர்ச்சி. இங்கே கடையில் அப்படிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள், நான் கேட்டிருக்கிறேன்.

யங் கண்டுபிடிக்கவில்லை, பரப்பினார். 1933இல் ஸோரா நீல் ஹர்ஸ்டன் ஒரு சிறுகதை எழுதினார். ஃப்ளோரிடாவில் கறுப்பின மக்களே நடத்திய ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர், மானிடவியல் படித்தவர், ஊர்ப் பேச்சை அப்படியே காதில் வாங்கி எழுதுவார். அந்தக் கதையில் ஒருவன், ஊருக்குப் புதிதாக வந்த பணக்காரனைப் பற்றி மனைவியிடம் பெருமையாகச் சொல்லும்போது "வாட் மேக் இட் ஸோ கூல்" என்று ஆரம்பிக்கிறான். "இதுல அழகு என்னன்னா, கையில காசும் சேத்து வெச்சிருக்கான்" என்று நான் படித்துக்கொள்வேன். ஆக, நியூயார்க் கிளப்புகளுக்கு வருமுன்பே தென்பகுதிக் கிராமத் திண்ணைகளில் அது பாராட்டாகிவிட்டது.

பழைய_பேப்பர் | செவ்வாய், இரவு 8.50

1884இல் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பேராசிரியர், கறுப்பின மக்களின் ஆங்கிலம் பற்றி ஜெர்மன் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் "டாட்ஸ் கூல்!" என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அது பாராட்டா, லிங்கன் சொன்ன "நல்லா இருக்கே நியாயம்" வகையா என்பது அந்த ஒற்றை வரியில் தெளியாது. 24 வருஷ இடைவெளிதானே. என் கட்சி இதுதான்: பாராட்டு அர்த்தம் அந்தத் திட்டிலிருந்தே கிளைத்திருக்கலாம். "அவனுக்குத்தான் எவ்வளவு கொழுப்பு!" என்பதை எரிச்சலிலும் சொல்லலாம், உள்ளூர ரசித்தும் சொல்லலாம் அல்லவா?

நீலக்குழல் | செவ்வாய், இரவு 9.30

ஐயா, வாதம் அழகாக இருக்கிறது. ஆனால் அதில் அந்த மக்கள் காணாமல் போகிறார்கள். ஆங்கிலம் தானாக நடந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது போல ஆகிவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாளர் ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் முக்கியம். நைஜீரியாவின் யொருபா மக்களிடம் "இடுடு" என்ற சொல் இருக்கிறது. நேர்ப்பொருள் குளிர்ச்சி. ஆனால் ஒருவரின் பண்பைச் சொல்லவும் அதுதான். பதறாமல் இருப்பது, சமாதானம், தாராள மனசு, முகத்தில் அமைதி. மேற்கு ஆப்பிரிக்காவில் வேறு பல மொழிகளிலும் குளிர்ச்சிக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு என்று வரிசையாகக் காட்டுகிறார். அடிமைக் கப்பலில் சொல் வந்திருக்காது, ஆனால் குளிர்ச்சி என்றால் உயர்வு என்ற எண்ணம் வந்திருக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்குள் அது குடியேறியிருக்கலாம்.

பழைய_பேப்பர் | செவ்வாய், இரவு 9.52

"லாம்" இரண்டு வந்துவிட்டது.

நீலக்குழல் | செவ்வாய், இரவு 9.55

உங்களுடையதிலும் ஒன்று இருந்தது ஐயா, "கிளைத்திருக்கலாம்".

மேலூர்_மணி | செவ்வாய், இரவு 10.20

நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? சொல் நம்முடையது இல்லை, ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த யொருபாக்காரர்கள் பேச்சு நம் பேச்சாகவே இருக்கிறது. கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம். பெத்த வயிறு குளிரணும் என்கிறோம். கருணைக்குத் தண்ணளி என்று பெயர். தமிழே தண்டமிழ். கெட்டதெல்லாம் சூடு: கொதிக்கிறான், எரிந்து விழுகிறான், வயிற்றெரிச்சல். வெயில் காய்கிற ஊரில் குளிர்ச்சிதானே வரம்? இங்கிலாந்துக்காரன் குளிரில் நடுங்குகிறவன், அவனுக்கு "வார்ம் வெல்கம்"தான் வரம். அதனால்தான் அவன் தானாக இந்த அர்த்தத்துக்கு வந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய_பேப்பர் | புதன், காலை 6.05

மணி தம்பி, நேற்று நான் சொன்ன ஜெல்லியைவிட இது கனமான வாதம். இரவெல்லாம் யோசித்தேன். ஷேக்ஸ்பியர் இருப்பதால் "மாட்டான்" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிதானம் என்பதிலிருந்து "பிரமாதம்" என்பதற்குத் தாண்டுவதற்கு வெறும் ஆங்கிலம் போதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சப்டைட்டில்_சரோ | புதன், காலை 9.15

நான் வேலைக்கு வருகிறேன். ஜாஸ் கிளப் காட்சியில், கறுப்பினத்து முதியவர் ஒருவர் இளமையில் லெஸ்டர் யங்கைப் பார்த்ததை நினைவுகூர்கிறார். "மேன், ஹி வாஸ் கூல்" என்கிறார். "கெத்து" போடலாமா?

ஒன்பதாம்_பி | புதன், காலை 9.20

கெத்துதான் அக்கா! வேற என்ன!

நீலக்குழல் | புதன், மாலை 5.45

கெத்தில் ஒரு காட்டல் இருக்கிறது. காலரைத் தூக்கிவிடுகிற சத்தம் கேட்கிறது. யங் செய்தது அதற்கு நேர்மாறு. "மனுஷன் அலட்டிக்கவே மாட்டார்" என்று போடுங்கள். அலட்டல் இல்லை என்பதில் நிதானமும் இருக்கிறது, பாராட்டும் இருக்கிறது, கொஞ்சம் மர்மமும் இருக்கிறது.

கெத்தை எடுத்து வையுங்கள், மூன்றாம் பாகத்துக்கு வேண்டும். அந்தக் கவிதை குவெண்டலின் புரூக்ஸ் எழுதிய "வீ ரியல் கூல்" தானே? என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் அவர் வாழ்ந்த பகுதி. கறுப்பினத்தவரில் புலிட்சர் பரிசு பெற்ற முதல் ஆள், 1950இல். பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்ததை வழியில் பார்த்தார். ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்காமல், தங்களைப் பற்றி இவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தாராம். மொத்தம் 24 சொல், எல்லாம் ஓரசைச் சொல். கடைசி வரி தவிர மற்ற ஒவ்வொரு வரியும் "வீ" என்று தொங்கி நிற்கும். அந்த "வீ"யை மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பார் புரூக்ஸ், பையன்களுக்கே தங்கள் மேல் அவ்வளவு உறுதி இல்லை என்று காட்ட. கடைசி வரியில் சீக்கிரம் சாகிறார்கள்.

அது அச்சானது 1959 செப்டம்பரில். அந்த வருஷத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். மார்ச் 15 அன்று லெஸ்டர் யங் இறந்தார். குடித்துக் குடித்து உடம்பு போய், நியூயார்க்கில் பேர்ட்லாண்ட் கிளப்பைப் பார்த்தாற்போல் இருந்த ஆல்வின் ஹோட்டல் அறையில். 49 வயது. ஆகஸ்ட் 17 அன்று டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் புளூ" இசைத்தட்டு வெளிவந்தது. 1949, 50இல் ஒன்பது பேரை வைத்து அவர் பதிவு செய்திருந்த பாட்டுகளுக்கு 1957இல் கம்பெனி வைத்த பெயர் "பர்த் ஆஃப் தி கூல்". உலகத்துக்கே கூல் என்றால் அவர் முகம்தான் என்று ஆகியிருந்த நேரம். ஆகஸ்ட் 25 இரவு அதே பேர்ட்லாண்டில் அவர் கச்சேரி. இடைவேளையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்ஸி ஏற்றிவிட்டு வாசலில் நின்று சிகரெட் பிடிக்கிறார். போலீஸ்காரர் வந்து "நிற்காதே, நட" என்கிறார். நான் இங்கேதான் வாசிக்கிறேன் என்று விளக்குப் பலகையில் இருந்த தன் பெயரையே காட்டுகிறார் மைல்ஸ். சற்று நேரத்தில் தலை உடைந்தது. வெளிர் நிறக் கோட்டில் ரத்தம் வழிய எடுத்த படம் பத்திரிகைகளில் வந்தது. வழக்கு அவர் மேல்தான் போட்டார்கள், பின்னால் அது நிற்கவில்லை.

யங் செத்த அறைக்கு எதிர் நடைபாதை அது.

சப்டைட்டில்_சரோ | புதன், இரவு 10.05

இதைப் படித்துவிட்டு அந்தக் கவிதைக் காட்சியை மறுபடி ஓட்டினேன். "நாங்க கெத்து." அவ்வளவுதான் போட்டிருக்கிறேன். பையன்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வதால் அந்தக் காலர் தூக்கல் இங்கே இருக்கட்டும்.

விளம்பர_விக்கி | புதன், இரவு 11.20

தாமதமாக வருகிறேன். இந்தக் கதையில் எங்கள் ஆட்கள் பங்கு விட்டுப்போகிறது. 1933இல், ஹர்ஸ்டன் கதை வந்த அதே வருஷம், "கூல்" என்ற பெயரிலேயே புதினா வாசனை சிகரெட் வந்தது, ஆங்கிலத்தில் முதல் எழுத்தை மட்டும் "கே" ஆக்கி. அப்போது தொண்டைக்குக் குளிர்ச்சி என்பதுதான் விற்பனைப் பேச்சு, பென்குயின் படம் போட்டார்கள். 1960களுக்குப் பிறகு புதினா சிகரெட்டுகளைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைக் குறிவைத்து விற்றார்கள். சொல்லின் இரண்டாவது அர்த்தம் இலவசமாகக் கிடைத்தது. 1990களில் "கூல் ஹண்டர்" என்றே ஒரு வேலை வந்தது, தெருப் பையன்கள் என்ன செருப்பு போடுகிறார்கள் என்று பார்த்துக் கம்பெனிக்குச் சொல்ல. பிரிட்டனில் "கூல் பிரிட்டானியா". ஜப்பான் அரசு 2013இல் "கூல் ஜப்பான்" என்று நிதியமே தொடங்கியது. அரசாங்கக் கோப்பில் ஏறிய பிறகு அதில் என்ன கூல் மிச்சம்?

ஒன்பதாம்_பி | வியாழன், காலை 7.02

எங்க ஸ்கூல்ல இப்போ கூல்னா வெறும் "சரி"தான். "நாளைக்கு வர்றேன்." "கூல்." அவ்ளோதான். நல்லா இருக்குன்னு சொல்லணும்னா செம, வேற லெவல், தீ.

பழைய_பேப்பர் | வியாழன், காலை 7.30

என் காலத்தில் ஜோர், டக்கர், ஷோக். எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. ஆங்கிலத்திலும் ஸ்வெல், க்ரூவி எல்லாம் இன்று கிண்டலுக்குத்தான் ஆகும். "கூல்" மட்டும் எண்பது வருஷமாக நரைக்காமல் இருக்கிறது. எனக்கு இது இன்னும் புதிர்தான்.

நீலக்குழல் | வியாழன், காலை 8.15

அதிகம் சத்தம் போடாத சொல் என்பதால் இருக்கும் ஐயா. "தீ" என்றால் அணைந்துதானே ஆக வேண்டும்.

சப்டைட்டில்_சரோ | வெள்ளி, இரவு 12.30

நாலாம் பாகம் முடித்தேன். கடைசியில் என்னைப் படுத்தி எடுத்தது லிங்கனும் இல்லை, கவிதையும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடப் பையன்.

காட்சியைச் சொல்கிறேன். 1990களின் நடுவில், ஒஹையோ பக்கம் ஒரு வீடு. வீட்டு கேமராவில் யாரோ எடுத்தது, படம் ஆடுகிறது. பத்துப் பன்னிரண்டு வயது. பேஸ்பால் உடுப்பு போட்டுக் கிளம்பி நிற்கிறான், கையுறைகூட மாட்டியாயிற்று. சமையலறைச் சுவரில் தொலைபேசி மணி அடிக்கிறது. அப்பா. அந்தப் பக்கம் பேசுவது நமக்குக் கேட்காது. பையன் "ம்", "ம்" என்கிறான். அப்புறம் "நோ, இட்ஸ் கூல்." ஃபோனை வைத்துவிட்டு, சுருண்டு கிடந்த அதன் கம்பியை விரலால் நேராக இழுத்துவிட்டுக்கொண்டே நிற்கிறான். அது மறுபடி சுருள்கிறது. மறுபடி இழுக்கிறான்.

முதலில் ஒன்பதாம்_பி சொன்னபடி "சரி" போட்டேன். எழுத்துக் கணக்குக்கு அருமையாகப் பொருந்தியது. ஆனால் கம்பியை அவன் மூன்றாவது தடவை இழுக்கும்போது அது "சரி" இல்லை என்று தெரிந்தது. ஆட்சேபம் இல்லை என்பதுதான் நேர் அர்த்தம், முகம் மட்டும் நீலக்குழல் சொன்ன அந்தப் பழைய ஆட்களின் முகம். எங்கிருந்து படித்தான்? யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சரிபார்ப்பவரிடமிருந்து இன்று பதில் வந்தது. "நல்லா இருக்கே நியாயம்!" ஏற்றுக்கொண்டார், கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. "மனுஷன் அலட்டிக்கவே மாட்டார்" ஏற்றுக்கொண்டார். "நாங்க கெத்து" என்பதற்கு மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார், நாளை தொலைபேசியில் மல்லுக்கட்ட வேண்டும். ஐயா, அந்த அழைப்பில் உங்களையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?

பையனுக்கு "பரவால்லப்பா" என்று போட்டு அனுப்பியிருந்தேன். அதை அவர் தொடவில்லை. ஆனால் அனுப்பிய பிறகு இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். பையன் எங்கேயும் "டாட்" என்று சொல்லவில்லை. கோப்பைத் திரும்ப வாங்கி "ப்பா"வை எடுத்துவிட்டேன்.